கையில் இல்லாத சரக்கு

அத்தியாயம் பதினொன்று

கடை மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ‘அந்த மனுஷனுக்கு அப்படி என்ன வயிற்றெரிச்சல்?’ என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவளும் கணவரும் கீழே. மாமனார் ஆரம்பித்த வயர்க்கடையைப் பதினான்கு வருடமாக அவர்தான் நடத்துகிறார். அதனால் தெருவில் அவருக்குக் கடை மாப்பிள்ளை என்று பெயர். சின்னவளும் கணவரும் மாடியில். அவர் அங்கே ஓர் அறையில் மூன்று ஸ்க்ரீன்களை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் வாங்கி விற்கிறார். எனவே அவர் மாடி மாப்பிள்ளை.

எரிச்சலுக்குக் காரணம் ஒரு நாற்காலி.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாமனாரின் பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது. மாமனார் கடைக்கு வருவதை நிறுத்திய பிறகும் கடை மாப்பிள்ளை அதில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வியாபாரம் பார்த்தார். ‘இனிமே நீங்களே உக்காருங்க மாப்பிள்ளை’ என்று என்றைக்காவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதற்குப் பதிலாக, போன மாதம் மாமனார் ஆள் அனுப்பி அந்த நாற்காலியை எடுத்துப் போனார். மாடி அறையில், சின்ன மாப்பிள்ளையின் பக்கத்தில், ஸ்க்ரீனைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து காலையில் டீ டம்ளரோடு மாடிக்கு ஏறுபவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறார்.

பதினான்கு வருடத்தில் கடை மாப்பிள்ளையைப் பார்த்து அவர் ‘பரவாயில்லை’ என்றுகூடச் சொன்னதில்லை. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

*

இன்று காலை மாமனார் டம்ளரோடு முதல் படியில் கால் வைத்தார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கடை மாப்பிள்ளை செருப்பை மாட்டாமல் திரும்பினார்.

“மாமா, ஒரு நிமிஷம். நீங்க தினமும் அங்க போய் உக்கார்றது நல்லா இல்ல. நாலு பேர் பேசறாங்க.”

“எந்த நாலு பேர்?”

கடை மாப்பிள்ளைக்குச் சட்டென்று நாலு பேர் கிடைக்கவில்லை. உண்மையில் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்தான், அதுவும் அவரேதான்.

“யாரா இருந்தா என்ன? வயர்க்கடை முதலாளி வயசான காலத்துல சூதாட்ட ரூம்ல உக்காந்திருக்கார்னு சொன்னா யாருக்கு அசிங்கம்?”

வேண்டுமென்றே உரக்கத்தான் சொன்னார். மாடி மாப்பிள்ளை துவட்டாத தலையோடு படிக்கட்டின் மேலே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சின்னவளின் முகம் தெரிந்தது.

“அண்ணா, அது சூதாட்டம்னா கவர்மெண்டு ஏன் அதுக்கு வரி வாங்குது?”

“சாராயத்துக்கும்தான் வரி வாங்குது.”

மாமனாரின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதான். கடை மாப்பிள்ளைக்கு அந்த அரைச் சிரிப்பு போதும், ஒரு வாரம் சாப்பிடாமல்கூட இருந்துவிடுவார். உற்சாகமாகத் தொடர்ந்தார்.

“வியாபாரம்னா சரக்கைக் கண்ணால பாக்கணும் தம்பி. கையால தொடணும். எடை போட்டு வாங்கி அளந்து குடுக்கணும். நீங்க கையில இல்லாத சரக்கை விக்கிறீங்க, வீட்டுக்கு வராத சரக்கை வாங்கறீங்க. காத்தை வாங்கிக் காத்தை விக்கிறதுக்குப் பேரு என்ன?”

மாடி மாப்பிள்ளை கோபப்படவில்லை. அந்த ஆளிடம் கடை மாப்பிள்ளைக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான், கோபப்பட மாட்டார்.

“முதல் வருஷம் நான் பண்ணினது சூதாட்டம்தான் அண்ணா. மறைக்கல. இவ வளையல் போனது இந்த வீட்டுக்கே தெரியும். இப்ப அப்படி இல்ல. நான் நெனச்சது தப்பாயிடுச்சுன்னா எந்த விலையில வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உள்ளயே போறேன்.”

“சீட்டாடறவனும் அதையேதான் சொல்லுவான். இந்த ஒரு ஆட்டத்தோட எந்திரிச்சிடறேன்னு.”

“சொல்லுவான். எந்திரிக்க மாட்டான். நான் எந்திரிச்சிடறேன்.”

“போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றார் மாமனார். டம்ளரைப் படியின் கைப்பிடிச் சுவரில் வைத்தார். “மாப்பிள்ளை, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த ஆஸ்பத்திரி ஆர்டருக்கு வயர் வாங்கிட்டீங்களா?”

கடை மாப்பிள்ளை குனிந்து செருப்பைத் தேடினார்.

அந்த ஆர்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாக எழும்பும் ஓர் ஆஸ்பத்திரிக்கு மொத்தமாக வயர் சப்ளை. இந்தக் கடை பார்த்ததிலேயே பெரிய ஆர்டர். கான்ட்ராக்டரோடு விலை பேசி, கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஆர்டர் கிடைத்தது தெரியும். அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் தெரியாது.

மாமனார் கடையை ஒப்படைத்தபோது ஒரே ஒரு விதிதான் சொன்னார்: சரக்கு கோடவுனுக்குள் வந்த பிறகுதான் விலை பேச வேண்டும். வயர் விலை என்பது உள்ளே இருக்கும் செம்பின் விலை. அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கையில் சரக்கு இல்லாமல் விலையை வாயால் கட்டிக்கொண்டவன் செம்பு ஏறினால் செத்தான்.

பதினான்கு வருடம் கடை மாப்பிள்ளை அந்த விதியை மீறவில்லை. நாற்காலி மாடிக்குப் போவதற்குச் சில நாள் முன்னால்தான் மீறினார். எப்படியாவது ஒரு பெரிய ஆர்டரைப் பிடித்து மாமனார் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்ற வெறி. அந்தச் சமயத்தில் மாடி அறையில் ஒரு ஸ்விட்சு மாற்றப் போனார். மாடி மாப்பிள்ளை ஸ்க்ரீனைப் பார்த்து, “காப்பர் இறங்கும் போலிருக்கே” என்று தனக்குள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஸ்விட்சை மாட்டிவிட்டு நேராகக் கான்ட்ராக்டரிடம் போனார். யாரும் கொடுக்க முடியாத விலையைச் சொன்னார். விலை இறங்கியதும் சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

யாரைச் சூதாடி என்று திட்டினாரோ அவருடைய முணுமுணுப்பை நம்பி! ஊருக்குத்தான் உபதேசம்.

செம்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இன்று இறங்கும், நாளை இறங்கும் என்று கோடவுனைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

“என்ன மாப்பிள்ளை, கேட்டேனே?”

உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம்தான். ஆனால் மேலே மாடி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தாரே! அந்த ஈரத் தலைக்கு முன்னால் ‘இன்னும் வாங்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

“அதெல்லாம் எப்பவோ வாங்கியாச்சு மாமா.”

“எல்லாமேவா?”

“கடைசிச் சுருள் வரைக்கும் கோடவுன்ல அடுக்கியாச்சு.”

“நிஜமா?”

“ஏன் மாமா, என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா? இதே அவரு சொல்லியிருந்தா நிஜமான்னு கேப்பீங்களா?”

 மாமனார் படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

“வாங்கியாச்சுன்னா எனக்கு மாடியில என்ன வேலை? இனிமே போகல.” மேலே பார்த்துச் சொன்னார்: “சின்ன மாப்பிள்ளை, அந்த விஷயத்தை மார்க்கெட் திறந்ததும் முடிச்சிருங்க.”

“முடிச்சிடறேன் மாமா.”

கடை மாப்பிள்ளைக்கு அந்தப் பேச்சின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்துகொள்ள முயலவும் இல்லை. மாமனார் மாடிக்குப் போகப் போவதில்லை, அவ்வளவுதான் காதில் ஏறியது. ஜெயித்துவிட்டோம் என்ற குஷியில் செருப்பை இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

*

ஆண்களின் பொறாமை நாற்காலியில் என்றால், பெரியவளின் பொறாமை சாப்பாட்டுத் தட்டில்.

சின்னவளின் புருஷன் தினமும் மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறான். சூடாகப் பரிமாறி, எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். பெரியவளின் புருஷனுக்குக் கல்யாணமான நாளாய் எவர்சில்வர் கேரியர்தான். அது திரும்பி வரும்போது காய்ந்த பருக்கையைச் சுரண்டிக் கழுவுவதுதான் அவளுக்குக் கிடைத்த தாம்பத்தியம்.

கொடியில் துணி போட்டுக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். “உனக்கென்னடி, மகாராணி. புருஷன் எப்பவும் கண்ணு முன்னாடி.”

சின்னவள் கிளிப்பை வாயில் கவ்வியபடி சிரித்தாள். எடுத்துவிட்டுச் சொன்னாள்: “கண்ணு முன்னாடி இருந்தா மட்டும் போதுமாக்கா? தட்டை வைக்கும்போது முதல்ல மூஞ்சியப் பாப்பேன். மூஞ்சி நல்லா இருந்தாத்தான் பேசுவேன். இல்லேன்னா தண்ணிய வச்சுட்டு நகந்துடுவேன்.”

“இப்பதான் நல்லாப் போகுதுன்னாரே.”

“போகுதுதான். வளையல் போன வருஷமும் நல்லாப் போகுதுன்னுதான் சொன்னாரு.” ஈரத் துணியை உதறினாள். “வியாபாரமா சூதாட்டமான்னு அத்தான் கேக்கறாரு. எனக்கு அது தெரியலக்கா. அத்தான் ராத்திரி படுத்தா தூங்கறாரா?”

“கொறட்டையில வீடே இடிஞ்சு விழும்.”

“அப்ப அது வியாபாரம். நீதான் மகாராணி.”

 ஒரு மாதமாகக் குறட்டைச் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது. அன்று கடைப் பையன் வருவதற்குள் கேரியரைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு நாளாவது புருஷன் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று நினைத்தாள்.

*

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு சிலேட்டுப் பலகை தொங்கும். அன்றன்றைய வயர் விலையைக் கடை மாப்பிள்ளை சாக்பீஸால் எழுதுவார். விலை ஏறினால் அடுத்த நிமிடமே அழித்து எழுதுவார். இறங்கினால் அழிக்கிற துணி மத்தியானம்வரை கிடைக்காது. இதையெல்லாம் யாரும் சூதாட்டம் என்று சொல்வதில்லை, சாமர்த்தியம் என்பார்கள்.

அன்று முற்பகலில் போன் ‘டிங்’ என்றது. வயர் சப்ளை செய்கிற ஏஜென்ட்டின் தகவல். எங்கேயோ கடல் தாண்டி ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலைநிறுத்தமாம். புது விலை போட்டிருந்தது.

கடை மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். விலை துடைபடவில்லை.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். “நேத்து ரேட்டுல ஒரு லோடு எனக்கு எடுத்து வைங்க. பழக்கத்துக்காக.”

“நேத்து ரேட்டா? அதை மறந்துடுங்க சார். கம்பெனியில பில் போடறதையே நிறுத்திட்டாங்க. சாயங்காலம் இன்னும் ஏறும்.”

போனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு. கான்ட்ராக்டர். ஆள் ஏக குஷியில் இருந்தார்.

“கேள்விப்பட்டீங்களா, காப்பர் ஏறின ஏத்தத்தை? நல்லவேளை, உங்ககிட்ட முன்னாடியே ரேட்டை முடிச்சேன். நாளன்னைக்கு முதல் லோடு அனுப்பிருங்க. கையெழுத்து கையெழுத்துதான், ஆமா!”

சிரித்துக்கொண்டே சொன்னார். கடை மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்த வாயை மூட வரவில்லை.

இன்றைய விலைக்கு வாங்கி அன்றைய விலைக்குக் கொடுத்தால் கடை மிஞ்சாது. மாமனார் தோளில் வயர் சுருளைச் சுமந்து தெருத் தெருவாக விற்று உண்டாக்கிய கடை. சிலேட்டில் புது விலையை எழுத வேண்டும். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. வேலை செய்யும் ஆளிடம் கல்லாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பின் தெருவில் இருந்த கோடவுனுக்குப் போனார்.

பெரியவள் கடையில் விசாரித்துக்கொண்டு கேரியரோடு அங்கே வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர், வயர் சுற்றி வருமே அந்தக் காலி மர உருளை, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வெறும் சிமென்ட் தரை. ஒரு மூலையில் கிழிந்த அட்டைப் பெட்டிகள் நாலைந்து. அவள் செருப்புச் சத்தம் நாலு சுவரிலும் எதிரொலித்தது.

“என்னங்க இது? அடுக்கியாச்சுன்னு காலையில சொன்னீங்களே.”

“நீ எதுக்கு இங்க வந்தே?”

“வயர் எங்க?”

“வந்துக்கிட்டு இருக்கு.”

“எங்க வந்துக்கிட்டு இருக்கு?”

“வழியில வருது! வியாபாரத்துல ஆயிரம் இருக்கும். உனக்கு என்ன தெரியும்?”

அவளுக்கு வியாபாரம் தெரியாதுதான். புருஷனைத் தெரியும். அவர் கத்தினால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். கேரியரை உருளை மேல் வைத்தாள், அடுக்கைப் பிரித்தாள், பக்கத்தில் நின்றாள். அவர் ஒரு கவளத்தை உருட்டி உருட்டிக் கையிலேயே வைத்திருந்தார்.

“அப்பாகிட்ட சொல்லிடுங்க” என்றாள் கடைசியில். “திட்டுவாரு. திட்டட்டுமே. நான் பக்கத்துல நிக்கறேன்.”

“அவரு திட்டினா பரவாயில்ல. அவன் பாத்துக்கிட்டு நிப்பான்.”

பெரியவளுக்குக் கோபம் தலைக்கேறியது. “கடையே போகப்போற மாதிரி உக்காந்திருக்கீங்க. இப்பவும் அவன்தானா?”

 கேரியர் அன்றும் பாதியோடுதான் திரும்பியது.

*

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றினார். கோடவுன் சாவியை வாசல் ஆணியில் மாட்டினார். கூடத்தில் மாமனார் இல்லை, காலார நடந்துவிட்டு வரப் போயிருந்தார். கடை மாப்பிள்ளை படிக்கட்டைப் பார்த்தார். மாமனாரிடம் சொல்வதற்கு முன்னால் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். போவோமா வேண்டாமா என்று முதல் படியில் கால் வைத்து எடுத்தார். பிறகு ஏறினார்.

மூன்று ஸ்க்ரீன்களும் அணைந்திருந்தன. மாடி மாப்பிள்ளை ஜன்னல் ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்கண்ணா. உக்காருங்க.”

உட்காரச் சொல்லிக் காட்டியது அந்தப் பிரம்பு நாற்காலியை. பதினான்கு வருடம் காத்திருந்த நாற்காலி. கடை மாப்பிள்ளை உட்கார்ந்தார். அவர் நினைத்திருந்ததைவிடப் பள்ளமாக இருந்தது.

“காப்பர் ஏறிடுச்சாமே தம்பி” என்றார், யாருக்கோ வந்த விருந்து மாதிரி.

“பயங்கர ஏத்தம்ணா. நல்லவேளை, நீங்க சரக்கை வாங்கி வச்சிட்டீங்க.”

“ஆமா… நீங்கதான் இறங்கும்னு சொல்லிட்டிருந்தீங்க இல்ல? போன மாசம், நான் ஸ்விட்சு மாட்ட வந்தப்ப.”

மாடி மாப்பிள்ளை யோசித்தார். “ஓ, அதுவா! அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன். அரை மணி நேரத்துல தப்புன்னு தெரிஞ்சுது, வெளிய வந்துட்டேன்.”

அரை மணி நேரம். கடை மாப்பிள்ளை அந்த முணுமுணுப்பை ஒரு மாதமாக மடியில் கட்டிக்கொண்டு திரிகிறார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாயைத் திறந்து ‘ஐயோ’ என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா” என்றார் மாடி மாப்பிள்ளை. “சொல்லக்கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கியிருந்தாரு. இன்னைக்கோட விஷயம் முடிஞ்சுபோச்சு, அதனால சொல்றேன். நீங்க ஆஸ்பத்திரி ஆர்டர்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே கான்ட்ராக்டர் மாமாவுக்குப் போன் பண்ணி, இந்த ரேட்டுக்கு எப்படிங்க குடுக்கறீங்கன்னு கேட்டிருக்காரு. மாமாவுக்குப் புரிஞ்சுபோச்சு, சரக்கு வாங்காமலே விலை பேசிட்டீங்கன்னு. அன்னைக்கு ராவெல்லாம் அவர் தூங்கல. காலையில இங்க வந்தாரு. ‘செம்பு ஏறினா என் மாப்பிள்ளை எந்திரிக்க முடியாது. ஏதாவது வழி இருக்கா?’ன்னு கேட்டாரு.”

கடை மாப்பிள்ளை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ஆர்டருக்கு எவ்வளவு காப்பர் ஆகுமோ அவ்வளவையும் மாமா பணத்துல மார்க்கெட்ல வாங்கி வச்சோம். பேப்பர்லதான். ஏறினா உங்களுக்கு ஆர்டர்ல அடி, ஆனா இங்க அதே அளவு லாபம். இறங்கினா இங்க அடி, உங்களுக்கு லாபம். எப்படிப் போனாலும் கடைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் மாமா தினமும் வந்து உக்காந்தாரு. என் முகத்தைப் பாக்கவா வந்தாரு? காப்பரைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாரு.”

“அது… அது இப்ப இருக்கா?”

“இல்லண்ணா. காலையில நீங்கதான் எல்லாம் வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே. வயர் கைக்கு வந்தப்புறம் அதை வச்சிருந்தா அதுதான் சூதாட்டம். மார்க்கெட் திறந்ததும் முடிச்சிட்டேன். வாங்கின விலைக்கே குடுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் இந்த வேலைநிறுத்தச் செய்தி வந்துச்சு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழை வந்த சந்தோஷத்தில் கத்துகிறது. இவர் கத்தியது எதற்கு? தன்னைக் காப்பாற்ற ஒரு மாதமாக அந்த நாற்காலியில் காவல் உட்கார்ந்திருந்தவரை, அங்கே உட்காராதே என்று எழுப்பி விடுவதற்கு.

“அண்ணா, முகமெல்லாம் வேர்க்குதே. ஃபேன் போடட்டுமா?”

இப்போதாவது சொல்லலாம். எதிரே இருப்பவன் ஏளனம் செய்கிறவன் இல்லை என்பது இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கே தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

“மாப்பிள்ளை வந்தாச்சா?” மாமனாரின் குரல். “பெரிய மாப்பிள்ளையைத்தான் கேக்கறேன்.”

*

மாமனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பதினான்கு வருடமாக யாரும் பார்க்காத ஒரு மலர்ச்சி. பெரியவள் சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாடி மாப்பிள்ளையும் சின்னவளும் பின்னாலேயே இறங்கி வந்தார்கள்.

“வழியில கான்ட்ராக்டரைப் பாத்தேன்” என்றார் மாமனார். “ஊரெல்லாம் காப்பர் ஏறிடுச்சுன்னு அலறுதாம். இவர் சரக்கு மட்டும் நாளன்னைக்கு வந்துடுமாம். மனுஷன் உங்களைப் புகழ்ந்து தள்ளிட்டாரு.”

“மாமா…”

“இருங்க, நான் சொல்லிடறேன். அப்புறம் சொல்ல வராது.” கடை மாப்பிள்ளையின் தோளில் கையை வைத்தார். “நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். விதியை மீறிட்டாரு, பேராசையில கடையைக் கவுத்துடப்போறாருன்னு பயந்தேன். ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வாங்கி அடுக்கிட்டீங்க பாருங்க, அதுக்குப் பேருதான் வியாபாரம். கெட்டிக்காரர் மாப்பிள்ளை நீங்க. அந்த நாற்காலியை நாளைக்கே கடைக்கு அனுப்பறேன். இனிமே நீங்கதான் அதுல உக்காரணும்.”

எந்த வார்த்தைக்காகப் பதினான்கு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாரோ அந்த வார்த்தை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும், மாடி மாப்பிள்ளையின் காது கேட்கவே வந்துவிட்டது. மாடி மாப்பிள்ளை பொய்யில்லாமல் சிரித்தார்.

“என்னங்க” என்றாள் பெரியவள். “அப்பாகிட்ட ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களே.”

அவள் குரல் கெஞ்சியது. அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. தோளில் இருந்த மாமனாரின் கை சூடாக இருந்தது. வாயைத் திறந்தால் அந்தக் கை எடுபட்டுவிடும். எடுபட்டால் மறுபடி வராது.

“ஒண்ணுமில்ல” என்றார். “அப்புறம் சொல்லிக்கலாம்.”

பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள்.

கடை மாப்பிள்ளைக்கு இப்போது மாடி மாப்பிள்ளையின் மேல் பொறாமை இல்லை. போன இடம் தெரியவில்லை. வேறொரு மாப்பிள்ளையின் மேல் வயிறு பற்றி எரிந்தது. செம்பு ஏறுவதற்கு முன்னாலேயே வயரை வாங்கிக் கடைசிச் சுருள்வரை அடுக்கி வைத்துவிட்டு, ராத்திரி நிம்மதியாகக் குறட்டை விடப்போகிற அந்தக் கெட்டிக்கார மாப்பிள்ளையின் மேல். மாமனார் தட்டிக்கொடுத்தது அவனைத்தான்.

“காலையில நானும் கோடவுனுக்கு வரேன்” என்றார் மாமனார். “ரொம்ப நாளாச்சு அந்தப் பக்கம் வந்து. சின்ன மாப்பிள்ளையும் வரட்டும். கண்ணால பாக்கற சரக்கு எப்படி இருக்கும்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். “அந்தச் சாவியை எடும்மா.”

பெரியவள் வாசலுக்குப் போய் ஆணியிலிருந்து கோடவுன் சாவியை எடுத்தாள். திரும்பி வந்து அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றாள். அப்பா கையை நீட்டியிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

“யார் கையில குடுக்கட்டும்?” என்று கேட்டாள்.